எண்ணா, எழுத்தா?

முட்டத்துக் கடற்கரைக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவன இரண்டு. ஒன்று, அலைகளோடு ஓயாமல் பொருதுகொண்டு கிடக்கும் பாறைக் கூட்டம். மற்றொன்று, அதன் பின்னே மேட்டு நிலத்தில் தலைநிமிர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கம். பாறைகளை உங்களிற் பலர் வெள்ளித்திரையில் பார்த்திருப்பீர்கள். 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ என்னும் படம் எங்கள் ஊரில் எடுக்கப்பட்டதே. பள்ளிக்கூடத்தை மறந்து படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க ஓடிய பிள்ளைகளுள் நானும் ஒருவன். பிற்காலத்தில் ‘வகுப்புக்கு ஒழுங்காக வா’ என்று பல ஆண்டுகள் மாணவர்களைக் கண்டித்த கணக்காசிரியனும் நானே. இரண்டையும் இன்று வானொலி வாயிலாக ஒருங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆனால், இன்றைய என் பேச்சு தொடங்குவது பாறையிலிருந்து அன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து. இத்தனை நொடிக்கு இத்தனை முறை ஒளிவீச வேண்டும் என்னும் ஒழுங்கு ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்தனியே வகுக்கப்பட்டிருக்கிறது. இரவில் கடலில் இருப்பவர் அந்த ஒளியின் இடைவெளியை எண்ணிப் பார்த்தே, தாம் காண்பது எந்த ஊர் விளக்கு என்று தெளிகிறார். விளக்குக்குக் கடலைப் பற்றிய கவலை கிடையாது. கப்பல் வருகிறதா, புயல் அடிக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறது, சொல்லாததைச் செய்வதில்லை. மாணவ நண்பர்களே, கணிப்பொறியும் இத்தகையதே. அதற்குச் சொல்லவேண்டியவற்றை முறையாகச் சொல்லி எழுதிவைப்பதற்கு நிரல் எழுதுதல் என்று பெயர். இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதும் கலையின் அரிச்சுவடியைப் பற்றியும், அதைக் கற்கப் புகுந்த நானும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பட்ட பாட்டைப் பற்றியும் சில சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

நான் இத்துறையில் வல்லுநன் அல்லன். ஐம்பது வயதைக் கடந்தபின் என் மாணவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து கற்றவன். ஆதலால், கற்றவர்கள் மறந்துபோகும் இடர்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. அது ஒன்றே இப்பேச்சுக்கு எனக்குள்ள தகுதி.

ஓர் இணையப் பக்கம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை எங்கள் ஊர் வள்ளத்தைக் கொண்டு விளக்குவேன். வள்ளம் கட்டுகிறவர் முதலில் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி உருவம் தருகிறார். இது தலைப்பு, இது பத்தி, இது எழுதுவதற்கான பெட்டி, இது அழுத்துவதற்கான பொத்தான் என்று பக்கத்தின் உறுப்புகளைப் பொருத்தித் தரும் குறிமொழி அதற்கு நிகரானது. அதனை ஹெச்.டி.எம்.எல். என்பர். அடுத்து, வள்ளத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். எழுத்தின் நிறம், அளவு, அழகு முதலியவற்றை வகுக்கும் சி.எஸ்.எஸ். என்பது அந்த வேலையைச் செய்கிறது. உருவமும் வண்ணமும் அமைந்த வள்ளம் கரையில் கிடக்குமேயன்றிக் கடலில் செல்லாது. அதற்குத் துடுப்பு வேண்டும். பொத்தானை அழுத்தினால் என்ன நிகழவேண்டும், பெட்டியில் எழுதியதை என்ன செய்யவேண்டும் என்று பக்கத்துக்கு இயக்கம் தருவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. அதுவே துடுப்பு.

இவற்றின் வரலாறு நெடியது அன்று. சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரில் உள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், அறிஞர்கள் தம் ஆய்வுக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கு ஒரு வலையமைப்பை 1989 ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். 1991 இல் அது உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்நாளைய பக்கங்கள் படிப்பதற்கு மட்டுமே உரியவை. 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் ஐக் என்பவர், பக்கங்களுக்கு உயிரூட்டும் ஒரு மொழியைப் பத்தே நாள்களில் படைத்தார். முதலில் மோக்கா என்றும், பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றும் வழங்கிய அதற்கு, அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஜாவா என்னும் மொழியின் பெயரை ஒட்டி ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்று என்று எண்ணி மயங்குவோர் இன்றும் உண்டு.

அதே 1995 ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளைத் தொகுத்து இணையத்தில் ஏற்றியபோது, அங்கே வாழ்ந்த தமிழ் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்ப் பாடல்களும் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. துடுப்பு பிறந்த ஆண்டிலேயே தமிழும் அக்கடலில் இறங்கிவிட்டது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

பத்து நாளில் பிறந்த குழந்தைக்குச் சில பழக்கங்கள் நிலைத்துவிட்டன. புதிதாகக் கற்பவர்களை அச்சுறுத்தக் கூடாது என்னும் நல்லெண்ணத்தோடு அம்மொழி ஆக்கப்பட்டது. எனவே, பல தவறுகளைக் கண்டும் காணாதது போல விட்டுவிடுகிறது. இந்தப் பெருந்தன்மைதான் பின்னால் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

கற்பதற்கு என்ன வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். பழைய கணிப்பொறி ஒன்று போதும். அதில் குறிப்பெழுதும் செயலி ஒன்றும், பக்கங்களைக் காட்டும் உலாவி ஒன்றும் இருக்கும். எழுதிச் சேமிக்க வேண்டியது. உலாவியில் திறந்து பார்க்க வேண்டியது. இதற்கு இணையத் தொடர்புகூடத் தேவையில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் இருந்து இணையம் இல்லாத மாலைகளில்தான் நாங்கள் மிகுதியாகக் கற்றோம். முதற் பாடத்தில், பக்கம் திறந்தவுடன் ‘வணக்கம்’ என்று சொல்லவைத்தோம். அதற்குரிய ‘அலெர்ட்’ என்னும் கட்டளையின் முதலெழுத்தை ஒரு மாணவி பெரிய எழுத்தாக எழுதிவிட்டாள். பக்கம் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரம் தேடியபின் பிழையைக் கண்டுபிடித்தோம். ஆங்கில இலக்கணத்தில் முதலெழுத்தைப் பெரிதாக எழுதாவிட்டால் மதிப்பெண் போகும். இங்கே எழுதினால் போகிறது என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது.

இங்கே மகிழ்ச்சிக்குரிய செய்தி ஒன்று. கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாக இருந்தாலும், நாம் இட்டு வழங்கும் பெயர்கள் தமிழாக இருக்கலாம். ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பாத்திரத்துக்கு ‘மாறி’ என்று பெயர். அந்த மாறிக்குக் ‘காற்று’ என்று தமிழிலேயே பெயரிட்டு, அதன் மதிப்பு 30 என்று எழுதினால், உலாவி மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. கட்டளைச் சொற்களும் தமிழாகவே இருக்கவேண்டும் என்று விரும்பிய முத்தையா அண்ணாமலை அவர்கள் ‘எழில்’ என்னும் தனி நிரல்மொழியையே ஆக்கியிருக்கிறார். அதில் ஒன்றைத் திரையில் காட்டுவதற்குப் ‘பதிப்பி’ என்று எழுதினாற் போதும். தொடக்கநிலை மாணவர் அதையும் பயின்று பார்க்கலாம்.

இனி எங்கள் பக்கத்தின் கதைக்கு வருகிறேன்.

2017 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாளைக் குமரி மாவட்டத்துக் கடற்கரை மறவாது. அன்று காலையில் ஒக்கிப் புயல் குமரிமுனைக்கு அருகே வலுப்பெற்றது. அதற்குப் பல நாள்களுக்கு முன்பே, ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் புறப்பட்டுப் போயிருந்தன. கரையில் ஒலித்த எச்சரிக்கை அவ்வளவு தொலைவுக்குச் சென்று சேரவில்லை. எச்சரிக்கை எட்டாதவர், இன்றும் நேற்றைப் போன்ற நாளே என்று எண்ணி வலை விரித்தார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கு உரியவர் திரும்பி வரவில்லை. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடற் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ என்னும் கருவியை இந்திய அரசு 2019 அக்டோபரில் அறிமுகம் செய்தது. அந்தத் துன்பத்துக்கு மறு ஆண்டில், பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். ‘காற்றைச் சொன்னால் கடலுக்குப் போகலாமா, கூடாதா என்று சொல்லும் பக்கம் செய்வோம்’ என்றார்கள். அவர்களுள் இருவர் வீட்டில் அந்த ஆண்டுத் துக்கம் இன்னும் ஆறவில்லை. எனவே நான் மறுக்கவில்லை. ஆனால், ஒன்றை முன்கூட்டியே சொன்னேன். இது பயிற்சிக்கு மட்டுமே. கடலுக்குப் போகிறவர் கேட்கவேண்டியது வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை. நம் பக்கத்தை அன்று.

பக்கத்தில் முதலில் ஊர்ப் பெயர் எழுத ஒரு பெட்டி. அடுத்துக் காற்றின் வேகம் எழுத ஒரு பெட்டி. அதன் கீழ் ஒரு பொத்தான். ஊர்ப் பெயர்ப் பெட்டியிலேயே முதல் தடுமாற்றம் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குத் தேவையான பெயர்களுள் நீளமானது ‘கடியபட்டணம்’. எழுத்தெண்ணிப் பார்த்தோம்: எட்டு எழுத்து. பெட்டியில் எட்டு எழுத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு கட்டினோம். மாணவன் எழுதினான், ‘கடியபட்ட’ என்ற அளவில் பெட்டி நின்றுவிட்டது. அந்த ஊர்க்காரப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தான். ‘எங்கள் ஊரைக் கடித்துத் துப்பிவிட்டீர்களே!’ என்றான்.

காரணம் இதுதான். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோடு என்னும் முறையில், தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நம் எழுத்துகளோ 247. எனவே உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் கிடையாது. ‘மு’ என்பது மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ட்’ என்பதும் டகரமும் புள்ளியுமாக இரண்டு. ‘முட்டம்’ என்று எழுதி அதன் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால், ஏழு என்று விடை சொல்லும். முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். ‘கடியபட்டணம்’ நமக்கு எட்டு, அதற்குப் பதினொன்று. இரண்டும் எண்ணுவதில் பிழை செய்யவில்லை. எதை எண்ணுவது என்பதில் வேற்றுமை. நாம் எழுத்தை எண்ணுகிறோம். அது குறிகளை எண்ணுகிறது. எழுத்தாக எண்ணித் தருவதற்கு வேறொரு கருவி அம்மொழியில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால், கேட்டால்தான் அது தரும். பெயரை அடக்க வரம்பை உயர்த்திவிட்டு நாங்கள் மேலே சென்றோம்.

அடுத்தது காற்று. நம் வானொலியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்லவேண்டாம் என்று. அந்த 45 ஐ எல்லையாகக் கொண்டோம். ‘காற்று 45 ஐவிட மிகுமானால் சிவப்பு நிறத்தில் போகவேண்டாம் என்று காட்டு, இல்லையெனில் பச்சை நிறத்தில் போகலாம் என்று காட்டு.’ இவ்வளவுதான் நிரல். ‘மிகுமானால்’ என்பதற்கு ‘இஃப்’ என்றும், ‘இல்லையெனில்’ என்பதற்கு ‘எல்ஸ்’ என்றும் எழுதவேண்டும். 30 என்று எழுதினோம், பச்சை. 50 என்று எழுதினோம், சிவப்பு. கைதட்டினோம்.

அப்போது ஒரு மாணவி நல்லதொரு கருத்தைச் சொன்னாள். கட்டுமரம், வள்ளம், விசைப்படகு எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை பொருந்துமா? எல்லையையும் ஒரு பெட்டியாக வைத்துவிட்டால் அவரவர் எழுதிக்கொள்வாரே என்றாள். நியாயமான பேச்சு. இரண்டாவது பெட்டி வைத்தோம். மறுபடியும் 30 க்கும் 50 க்கும் சோதித்தோம். முன்போலவே பச்சையும் சிவப்பும் வந்தன. கண்காட்சிக்கு எடுத்துச் சென்றோம்.

கண்காட்சிக்கு வந்தவர்களுள் கடல்தொழிலில் முதிர்ந்து கரையேறிவிட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லாரும் அவரைப் பாட்டா என்றே அழைப்போம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ‘மக்களே, நூறு என்று போட்டால் என்ன சொல்லும்?’ என்றார். மணிக்கு நூறு கிலோமீட்டர் என்பது பெரும்புயல். விடை தெரிந்த கேள்விதானே என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே 100 என்று எழுதிப் பொத்தானை அழுத்தினான்.

பக்கம் பச்சையாயிற்று. ‘கடலுக்குப் போகலாம்’ என்றது.

அங்கே நின்றவர் எவரும் பேசவில்லை. பாட்டா மட்டும், ‘ஐந்து போட்டுப் பார்’ என்றார். ஐந்து என்பது இலை அசையாத காற்று. பக்கம் சிவந்தது; ‘போகவேண்டாம்’ என்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘சாரே, இது ஐந்துக்கு அஞ்சுகிறது, நூற்றுக்கு அஞ்சவில்லையே’ என்றார். வேறொன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் மாலைதான் காரணம் புலப்பட்டது. பெட்டியில் நாம் எழுதுவது எதுவாயினும், அது நிரலுக்கு எழுத்தாகவே வந்து சேர்கிறது. நம் கண்ணுக்கு 100 என்பது நூறு. நிரலுக்கு அது ஒன்று, சுழி, சுழி என்னும் மூன்று குறிகளின் வரிசை. எண்ணுக்கென்றே அமைந்த பெட்டி ஒன்று உண்டு. அதில் எழுதியதும் எழுத்தாகவே கைக்கு வருகிறது. எழுத்தையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால், நிரல் அகராதி முறையில் ஒப்பிடுகிறது. அகராதியில் ‘அம்மா’ என்பது ‘ஆடு’ என்பதற்கு முன்னே வருவதற்குச் சொல்லின் நீளம் காரணம் அன்று, முதலெழுத்தே காரணம். அவ்வாறே 100 இன் முதற்குறி ஒன்று. 45 இன் முதற்குறி நான்கு. ஒன்று நான்குக்கு முந்தியது. ஆகவே 100 என்பது 45 ஐவிடச் சிறியது! 5 இன் முதற்குறி ஐந்து. அது நான்குக்குப் பிந்தியது. ஆகவே 5 என்பது 45 ஐவிடப் பெரியது! 30 உம் 50 உம் மட்டும் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டன. இரண்டும் ஈரிலக்க எண்கள் அல்லவா?

அப்படியானால் முதலில் செய்த பக்கம் எவ்வாறு ஒழுங்காக நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. அதில் எல்லையை நிரலுக்குள்ளேயே 45 என்று எண்ணாக எழுதியிருந்தோம். ஒரு பக்கம் எண்ணும் மறுபக்கம் எழுத்தும் இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் நம்மைக் கேளாமலே எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு ஒப்பிடுகிறது. நான் முன்னே சொன்ன பெருந்தன்மை இதுவே. அந்தத் தயவில் நாங்கள் பிழைத்திருந்தோம். அது எங்களுக்குத் தெரியாது. எல்லையையும் பெட்டியாக்கியதும் இரண்டு பக்கமும் எழுத்தாயிற்று, தயவு நின்றுவிட்டது. கருத்துச் சொன்ன மாணவி அழுதுவிட்டாள். பிழை அவளுடையது அன்று. சோதனை செய்து பார்க்கவேண்டியது என் பொறுப்பு. எளிய இரண்டு எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறைவடைந்தவன் நான்.

இப்பெருந்தன்மையின் மற்றொரு விளையாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எழுத்தாகிய 100 ஓடு 5 ஐக் கூட்டச் சொன்னால், 105 வராது, 1005 வரும். இரண்டையும் ஒட்டிவைத்துவிடும். அதே 100 இலிருந்து 5 ஐக் கழிக்கச் சொன்னால் 95 என்று சரியான விடை வரும். கூட்டலில் ஒரு நீதி, கழித்தலில் ஒரு நீதி. கணக்காசிரியன் ஒருவன் இதை ஏற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மருந்து எளியது. பெட்டியிலிருந்து வருவதை முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ளவேண்டும். அதற்கு ‘நம்பர்’ என்னும் கட்டளை இருக்கிறது. அதை இரண்டு பெட்டிக்கும் இட்டோம். 5 பச்சை, 30 பச்சை, 50 சிவப்பு, 100 சிவப்பு. பாட்டாவை வீட்டிற்குச் சென்று அழைத்து வந்தோம்.

அவர் இம்முறை எண் எதுவும் எழுதவில்லை. பெட்டியை வெறுமையாக விட்டுப் பொத்தானை அழுத்தினார். பச்சை வந்தது. வெறும் பெட்டியை எண்ணாக மாற்றச் சொன்னால், அக்கட்டளை சுழி என்று மாற்றித் தருகிறது. காற்றே இல்லை என்று கொண்டு, போகலாம் என்றது பக்கம். பிறகு, ‘நாற்பது என்று எழுத்தில் போடு’ என்று பேரனைப் பணித்தார். பச்சை. அவன் தானாகவே ‘ஐம்பது’, ‘அறுபது’ என்று எழுதினான். எல்லாம் பச்சை. ‘பேய்க்காற்று’ என்று எழுதினான். அதற்கும் பச்சை.

இங்கேதான் நான் கற்ற பாடங்களுள் தலையானது இருந்தது. எண்ணாக மாற்ற முடியாத ஒன்றை மாற்றச் சொன்னால், ‘இது எண் அன்று’ என்னும் ஒரு தனி மதிப்பை அம்மொழி தருகிறது. அதனை எதனோடு ஒப்பிட்டு, ‘பெரியதா?’ என்றாலும் ‘இல்லை’, ‘சிறியதா?’ என்றாலும் ‘இல்லை’. அதனோடு அதனையே ஒப்பிட்டு, ‘சமமா?’ என்றாலும் ‘இல்லை’ என்றே சொல்லும். எங்கள் நிரலோ, ‘மிகுமானால் சிவப்பு, இல்லையெனில் பச்சை’ என்று எழுதப்பட்டது. ‘இல்லை’ என்ற விடை வந்ததும், அது பச்சைக்குப் போய்விட்டது. இடர் உண்டு என்று தெரிந்தால் மட்டும் தடுத்தோம். தெரியாதவற்றையெல்லாம் இடர் இல்லாதவற்றோடு சேர்த்துவிட்டோம். எல்லைக்குச் சரியாக 45 என்று எழுதினாலும் பச்சை காட்டியதை அதன்பிறகே கவனித்தோம்.

பாட்டா அதிகம் பேசுகிறவர் அல்லர். அன்று சொன்னார்: ‘ஒக்கிக்கு முந்தின இரவு ஒரு சேதியும் வரவில்லை, மக்களே. சேதி வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு போனார்கள். தெரியாதென்றால் தெரியாதென்று இது சொல்லட்டும்.’

நிரலைத் தலைகீழாகத் திருப்பி எழுதினோம். பெட்டி வெறுமையாக இருக்கிறதா, அல்லது அதில் உள்ளது எண் அன்றா என்று முதலில் கேட்கவேண்டும். இரண்டில் ஒன்று ஆம் எனில், ‘தெரியவில்லை, கரையில் விசாரித்துச் செல்க’ என்று சாம்பல் நிறத்தில் காட்டவேண்டும். அந்தத் தடையைக் கடந்த பிறகே, ‘காற்று எல்லைக்குக் குறைவானால் பச்சை, இல்லையெனில் சிவப்பு’ என்று வரவேண்டும். இப்போது பச்சைக்குத்தான் சான்று வேண்டும், சிவப்புக்கு வேண்டியதில்லை. நான்கைந்து வரி மாற்றம்தான். முதல் நிரலையும் இதனையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவைத்தேன். முன்னது எதை அறியாமல் விட்டது, பின்னது எதைக் கேட்கிறது என்று மாணவர்கள் தாமே எடுத்துச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேர வகுப்பை என் ஆசிரிய வாழ்க்கையின் நல்ல வகுப்புகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

அதன்பின் எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் எந்த நிரல் எழுதினாலும், மற்றவர்கள் அதைக் கவிழ்க்கப் பார்க்கவேண்டும். மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண், எல்லைக்குச் சரியான எண், வெறுமை, எண்ணல்லாத சொல், எண்ணுக்குப் பின்னே ‘கி.மீ.’ என்ற எழுத்து, இவ்வளவையும் கொடுத்துப் பார்ப்பார்கள். இதற்குப் பிள்ளைகள் ‘பாட்டா பரீட்சை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சி என்று கேள்வி.

எங்கள் பக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், பள்ளித் தமிழாசிரியை வந்தார். பெட்டியில் ‘௪௫’ என்று தமிழ் எண்ணில் எழுதினார். ‘தெரியவில்லை’ என்றது பக்கம். ‘ஊர்ப் பெயரைத் தமிழில் கேட்கிற பக்கத்துக்குத் தமிழ் எண் தெரியாதா?’ என்றார். தெரியாதுதான். ‘நம்பர்’ என்னும் கட்டளைக்கு அவையும் எண்ணல்லாத எழுத்துகளே. மாணவர்கள் ஒரே மாலையில், ௦ முதல் ௯ வரை உள்ள பத்துக் குறிகளுக்கும் நேரான எண்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றும் சிறு நிரல் ஒன்று எழுதிச் சேர்த்தார்கள். மறுநாள் ‘௪௫’ என்றதும் சிவப்பு வந்தது. ஆசிரியை மகிழ்ந்தார். ஆனால், எழுந்து போகவில்லை. ‘பழைய சுவடிகளில் நாற்பத்தைந்தை இப்படி எழுதமாட்டார்கள்’ என்று சொல்லி, ‘௪௰௫’ என்று எழுதினார். நான்கு, பத்து, ஐந்து. அக்காலத்து முறையில் சுழி இல்லை. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு.

‘தெரியவில்லை’ என்று பக்கம் சாம்பல் நிறம் காட்டிற்று. பிள்ளைகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ‘௰’ வந்தால் அதற்கு முன்னே உள்ள எண்ணால் பெருக்கு. முன்னே ஒன்றும் இல்லாவிட்டால் பத்து என்று கொள். பின்னே உள்ளதைக் கூட்டு என்பது வரை எழுதிவிட்டார்கள். நூற்றுக்குரிய ‘௱’ முன்னே வந்து, அதன் பின்னே ‘௰’ தனியாக வந்தால் என்ன செய்வது என்பதில் அவர்களுக்குள் எழுந்த வழக்கு, நான் இங்கே புறப்பட்டு வந்தபோதும் தீரவில்லை.